முள்ளங்கி: மண்ணுக்குப் பாதி, குழம்புக்குப் பாதி (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

தேன்கனிக்கோட்டைப் பக்கம் எங்களுக்கு ஒன்றே கால் ஏக்கர் செம்மண் நிலம். நாலு வருடமாகத் தக்காளிக்கு முன்னால் முள்ளங்கி போடுகிறேன். பாதிக்கு மேல் பிடுங்காமல் மண்ணிலேயே அழுகவிடுவதைப் பார்த்து, முதல் வருடம் பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் "ஏன் தம்பி, கூலிக்கு ஆள் கிடைக்கலையா?" என்று பரிதாபமாகக் கேட்டார். அதற்குப் பிறகு வந்த கேள்விகளையும் சேர்த்து இங்கே எழுதிவைக்கிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். முள்ளங்கியை மூடுபயிராகப் போடுவது பற்றிக் கிடைக்கிற தகவலில் பெரும்பகுதி பனி கொட்டுகிற நாடுகளிலிருந்து வருவது. அங்கே குளிர் வந்து செடியைக் கொன்றுவிடும், விவசாயி கையைக் கட்டிக்கொண்டு நிற்கலாம். இங்கே அந்த வேலையை நாம்தான் செய்ய வேண்டும். இது புரியாமல்தான் முதல் வருடம் நான் மாட்டிக்கொண்டேன், கதை கீழே வருகிறது.

மூடுபயிர் என்றால் என்ன? பசுந்தாள் உரம்தானே?

கிட்டத்தட்ட. சணப்பு, தக்கைப்பூண்டு, கொளுஞ்சி எல்லாம் மடக்கி உழுது உரமாக்குவதற்காகவே போடுகிறோம். மூடுபயிரின் முதல் வேலை, இரண்டு பயிருக்கு நடுவே நிலம் வெறுமனே வெயிலிலும் மழையிலும் கிடக்காமல் பார்த்துக்கொள்வது. களை வராது, மேல்மண் அரிக்காது, மிச்சமிருக்கும் சத்து மழைநீரோடு கீழே இறங்கி வீணாகாது. அப்புறம் அதை உழுவதா, வெட்டி மேலேயே போடுவதா என்பது அவரவர் விருப்பம். முள்ளங்கியைப் பொறுத்தவரை உழாமல் விடுவதுதான் பலன், ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

டைக்கான் என்று வெளிநாட்டுக்காரர்கள் சொல்வது நம் வெள்ளை முள்ளங்கிதானா?

அதேதான், அல்லது அதன் நெருங்கிய பங்காளி. ஜப்பானிய மொழியில் டைக்கான் என்றால் 'பெரிய வேர்'. நம் சந்தையில் வரும் நீள வெள்ளை முள்ளங்கியும் இந்த ஆசிய வகைதான். ஜப்பானில் இதன் ரகங்களுக்கு அளவே இல்லை. ககோஷிமாவில் சகுராஜிமா எரிமலையின் சாம்பல் மண்ணில் விளைகிற ஒரு ரகம் பூசணிக்காய் போல உருண்டையாக இருக்கும், 2003-ல் அதில் ஒன்று 31.1 கிலோ தேறியது. இன்னொரு ரகம் கட்டைவிரல் பருமனில் ஒரு மீட்டருக்கு மேல் நீளமாகப் போகும். நடிக்கத் தெரியாத நடிகரை அங்கே 'டைக்கான் நடிகர்' என்பார்களாம். முள்ளங்கி என்ன பாவம் செய்ததோ.

அமெரிக்காவில் மண்ணைத் துளைப்பதற்கென்றே ஆணிவேர் தடிமனான செடிகளாகப் பொறுக்கியெடுத்த ரகங்கள் இருக்கின்றன. பென்சில்வேனியாவில் ஸ்டீவ் கிராஃப் என்ற விவசாயி 'உழவு முள்ளங்கி' என்கிற பொருளில் பெயர் வைத்து அப்படியொன்றைப் பரப்பினார். அதையும் சமைத்துச் சாப்பிடலாம், தாவரம் ஒன்றுதான். இங்கே அந்த விதைக்காக அலைய வேண்டாம், நம் கடையில் கிடைக்கிற முள்ளங்கி விதையே போதும்.

முள்ளங்கி நிஜமாகவே கெட்டி மண்ணை உடைக்குமா?

உடைக்காது. துளைக்கும். இந்த வித்தியாசம் முக்கியம்.

நாம் கண்ணால் பார்ப்பது சதைப்பற்றுள்ள கிழங்கு, அது ஒரு அடி, ஒன்றரை அடி. அதற்குக் கீழே சுண்டுவிரலைவிட ஒல்லியாக, எலிவால் மாதிரி ஒரு வேர் தொடர்ந்து போகும். மண்ணில் ஈரமும் போதிய நாளும் இருந்தால் அது மூன்று அடிக்கு மேலும் இறங்கும். இறுகிய அடுக்கைத் துளைப்பது அந்த வால்தான். கிழங்குக்கு அவ்வளவு பலம் கிடையாது. அடியில் இடம் இல்லையென்றால் அது மேலே எழும்பி, நாலு விரற்கடை வெளியே தலை நீட்டிக்கொண்டு நிற்கும். தலை நீட்டுகிறதே என்று பயப்பட வேண்டாம், நல்ல மண்ணிலும் கொஞ்சம் நீட்டும். ஆனால் பாதிக் கிழங்கு வெளியே நின்றால் கீழே கட்டாந்தரை என்று அர்த்தம்.

செடி செத்து வேர் அழுகியதும் அது போன வழி அப்படியே குழாய் மாதிரி திறந்து கிடக்கும். அடுத்த பயிரின் வேர் சோம்பேறி, புதிதாகத் துளைப்பதற்குப் பதில் அந்தக் குழாயிலேயே இறங்கிவிடும். மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் ரே வைல் என்ற மண்ணியலாளரும் அவருடைய மாணவர்களும் இதைத்தான் வயலில் குழி வெட்டி, வேரை எண்ணிப் பார்த்தார்கள். முள்ளங்கி நின்ற இடத்தில் பிறகு போட்ட மக்காச்சோளத்தின் வேர், எதுவும் போடாத நிலத்தைவிட அதிகமாக இறுகிய அடிமண்ணுக்குள் போயிருந்தது.

நான் எண்ணவெல்லாம் இல்லை. இரண்டாம் வருடம் தக்காளி காய்ப்பு முடிந்ததும் ஒரு செடிக்குப் பக்கத்தில் கடப்பாரையால் முழங்கால் ஆழத்துக்குத் தோண்டினேன். எட்டு அங்குலத்தில் வழக்கமாக 'டங்'கென்று நிற்கிற அந்தத் தட்டு அங்கேயே இருந்தது, எங்கும் போய்விடவில்லை. ஆனால் அதில் கருப்பாக ஒரு ஓட்டை, உள்ளே மக்கிய மண், அந்த மண்ணுக்குள் சேமியா போல மூன்று தக்காளி வேர் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு கீழே போயிருந்தது. சுண்டுவிரலை விட்டுப் பார்த்தேன், இரண்டாவது கணு வரைக்கும் தடையில்லாமல் போயிற்று. ஓட்டையின் ஓரம் இன்னும் செங்கல் மாதிரிதான் இருந்தது.

காய்ந்து பாளம் பாளமாகக் கிடக்கிற மண்ணில் விதைத்துவிட்டு அதிசயத்தை எதிர்பார்க்காதீர்கள். அடியில் ஈரம் இருக்கும்போதுதான் வேர் இறங்கும். அடியில் பாறை இருந்தால் முள்ளங்கியும் தோற்கும், ஜேசிபியும் தோற்கும்.

என் நிலத்தில் இறுக்கம் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பழைய குடைக்கம்பி ஒன்று போதும், கொஞ்சம் தடிமனான கட்டுக்கம்பியும் சரி. நல்ல மழை பெய்து இரண்டு நாள் கழித்து நிலத்தில் பத்துப் பதினைந்து இடத்தில் குத்திப் பாருங்கள். ஆறேழு அங்குலம் வெண்ணெயில் போவது போலப் போய், எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒரே ஆழத்தில் நின்றால், அது கலப்பையும் ரோட்டவேட்டரும் வருடக்கணக்கில் தட்டித் தட்டி உருவாக்கிய தளம். ஒரு இடத்தில் மட்டும் நின்றால் கல்லாக இருக்கும்.

அதற்குத்தான் உளிக்கலப்பை இருக்கிறதே?

டிராக்டரில் மாட்டி அடிமண்ணை ஆழமாகக் கீறிவிடுகிற கலப்பைதானே, இருக்கிறது, ஓட்டுங்கள், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. மிகவும் மோசமான நிலத்தில் ஒருமுறை காய்ந்த மண்ணில் உளிக்கலப்பை ஓட்டிவிட்டு, அடுத்த மழைக்கு முள்ளங்கியோ துவரையோ போடுவது நல்ல ஜோடி. உளிக்கலப்பை போட்ட கீறல் தனியாக விட்டால் இரண்டு மூன்று மழையில், டிராக்டர் நாலு தடவை ஏறி இறங்கியதில், மறுபடி அடைந்துவிடும். வேர் நுழைந்த கீறல் அவ்வளவு சீக்கிரம் அடையாது.

வாடகை கொடுக்க முடியாதவர்களுக்கும், டிராக்டர் நுழையாத துண்டு நிலத்துக்கும் முள்ளங்கி கையிலிருக்கிற வழி.

தழைச்சத்து கொடுக்குமா?

காற்றிலிருந்து எடுத்துக் கொடுக்காது, அது பயறு வகையின் வேலை. முள்ளங்கி செய்வது வேறு: போன பயிருக்கு நீங்கள் போட்ட யூரியாவிலும் எருவிலும் மிச்சமாகி, மழையில் கீழே இறங்கிக்கொண்டிருக்கிற சத்தைப் பிடித்து இலையிலும் கிழங்கிலும் வைத்துக்கொள்ளும். சத்துள்ள மண்ணில் நன்றாக வளர்ந்தால் ஹெக்டேருக்கு 100 கிலோவுக்கு மேல்கூடத் தழைச்சத்தை இப்படிப் பிடித்து வைக்கும். ஒன்றுமில்லாத மண்ணில் போட்டால் பிடிக்க எதுவும் இருக்காது, செடியும் மஞ்சளாக, நோஞ்சானாக நிற்கும்.

இன்னொரு விஷயம். நார் குறைவு, தண்ணீர் அதிகம் என்பதால் சீக்கிரம் அழுகும், அழுகியதும் சத்து சடசடவென வெளியே வந்துவிடும். அப்போது அதை வாங்கிக்கொள்ள அடுத்த பயிர் நிலத்தில் நிற்க வேண்டும். வெட்டிப் போட்டுவிட்டு இரண்டு மாதம் கழித்து நாற்று நடுவதாக இருந்தால், மணற்பாங்கான நிலத்தில் பிடித்த சத்தெல்லாம் மறுபடி கீழே போய்விடும்.

எந்தப் பட்டத்தில் விதைக்கலாம்?

சமவெளியில் புரட்டாசி, ஐப்பசி விதைப்புதான் எனக்குப் பிடித்தது. மழை ஈரத்தில் முளைக்கும், கார்த்திகைக் குளிரில் கிழங்கு நன்றாக இறங்கும். மார்கழியில் வெட்டிவிட்டால் தைப் பட்டத்துக்கு நிலம் தயார். எங்கள் பக்கம் கொஞ்சம் குளுமை, அதனால் ஆவணிக் கடைசியிலேயே தொடங்கிவிடுவேன். கோடையிலும் போடலாம், ஆனால் கிழங்கு சின்னதாக, காரமாக, சீக்கிரமே நாராக இருக்கும், மண்ணுக்காக மட்டும் என்றால் அது பெரிய குறையில்லை, தண்ணீர்ச் செலவுதான் யோசிக்க வேண்டும்.

தண்ணீர் தேங்குகிற வயலில் மட்டும் வேண்டாம். நெல் அறுத்த களிமண்ணில் சொதசொதவென்று இருக்கும்போது விதைத்தால் முளைத்த கையோடு அழுகும்.

ஏக்கருக்கு எவ்வளவு விதை?

பாரில் வரிசையாக ஊன்றினால் நாலு கிலோ, கைவிதைப்பு என்றால் ஐந்து. ஊன்றும் ஆழம் அரை அங்குலம், அதற்கு மேல் வேண்டாம். மூன்று நான்கு நாளில் முளைத்துவிடும்.

விதையைக் கொட்டிக் கவிழ்க்க வேண்டாம் என்று சொன்னால் யாரும் கேட்பதில்லை. நெருக்கமாக விழுந்தால் எல்லாம் இலையாகப் போய், கிழங்கு பென்சில் தடிமனில் நிற்கும். களையை அமுக்குவதற்கு அது பரவாயில்லை. மண்ணைத் துளைக்க வேண்டுமென்றால் செடிக்குச் செடி ஒரு சாண் இடைவெளி வேண்டும், முளைத்த பதினைந்தாம் நாள் கலைத்துவிடுங்கள். கலைத்த செடி அன்றைக்குச் சாயங்காலம் பொரியலாகிவிடும், வேலைக்குக் கூலி கிடைத்த மாதிரி. ஆனால் கடையில் வாங்கிய விதை சிவப்போ பச்சையோ சாயம் பூசியிருந்தால் அது பூஞ்சண மருந்து. மிச்ச விதையை வீட்டில் முளைகட்டியோ, தட்டில் கீரையாக வளர்த்தோ சாப்பிடாதீர்கள். அதற்கு மருந்து கலக்காத விதை தனியாக வாங்க வேண்டும்.

எந்த ரகம்?

கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் கோ 1 நம் சமவெளிக்குப் பழகியது, 45 நாளில் கறிக்கு வந்துவிடும். வெயிலில் போடுவதானால் டெல்லி வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் பூசா சேட்கி. குளிர்ப் பட்டத்துக்கும் மலைப்பகுதிக்கும் ஜப்பானீஸ் ஒயிட், இது கொஞ்சம் நாள் எடுத்துக்கொள்ளும், கிழங்கும் நீளம், மூடுபயிருக்கு என் ஓட்டு இதற்குத்தான். தனியார் வீரிய ரகங்கள் ஒரே அளவாக, பளபளவென்று வரும், விலை அதிகம். மண்ணுக்குள் அழுகப்போகிற கிழங்குக்கு அழகு எதற்கு?

ஒருமுறை ஒரு கடையில் நீள முள்ளங்கி என்று கொடுத்த பாக்கெட்டில் பாதி சிவப்புக் குட்டை முள்ளங்கியாக முளைத்தது. சாலட்டுக்கு ஆயிற்று, துளைப்பதற்கு உதவவில்லை. பாக்கெட்டைப் பிரிப்பதற்கு முன் ரகமும் தேதியும் பார்த்துவிடுங்கள்.

தனியாகப் போடுவதா, வேறு விதையோடு கலப்பதா?

கலப்பதுதான் நல்லது. முள்ளங்கி மட்டும் போட்டால் அழுகிய பிறகு நிலத்தின் மேல் ஒன்றும் மிஞ்சாது, ஒரு மாதத்தில் மொட்டையாகிவிடும். கம்போ சோளமோ சேர்த்தால் தட்டை நின்று மூடும், தட்டைப்பயறோ சணப்போ சேர்த்தால் தழைச்சத்தும் வரும். இயற்கை விவசாயத்துக்காக நம்மாழ்வார் ஊர் ஊராகப் போய்ச் சொன்ன பலதானிய விதைப்பு தெரியும் அல்லவா, தானியம், பயறு, எண்ணெய்வித்து, மசாலா, பசுந்தாள் என்று எல்லாவற்றையும் கலந்து தூவி, பூக்கிற சமயம் மடக்குவது. அதில் கடுகு போடுகிற இடத்தில் முள்ளங்கி விதையை ஏக்கருக்கு ஒரு கிலோ சேர்த்தாலே போதும். அதற்கு மேல் போனால் முள்ளங்கி இலை படர்ந்து மற்றதை அமுக்கிவிடும், முதல் இருபது நாளில் அது ஒரு ரவுடி.

கலப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பெரும்பாலான பயிர்கள் வேரில் ஒரு நல்ல பூஞ்சையோடு கூட்டு வைத்துக்கொண்டு மணிச்சத்தை வாங்கிக்கொள்கின்றன, வேம் என்று நாம் பாக்கெட்டில் வாங்கிப் போடுவது அதுதான். முள்ளங்கி, கடுகு, முட்டைக்கோஸ் குடும்பம் அந்தக் கூட்டுக்கு வராது. ஒரு பட்டம் முள்ளங்கி மட்டும் போட்டால் குடி முழுகிவிடாது, ஆனால் பக்கத்தில் கம்போ பயறோ நின்றால் பூஞ்சைக்குத் தங்க இடம் இருக்கும்.

எப்போது, எப்படி அழிப்பது?

மேரிலாந்திலும் பென்சில்வேனியாவிலும் ஆகஸ்டில் விதைப்பார்கள். டிசம்பர், ஜனவரியில் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே ஐந்தாறு டிகிரி இறங்கி நாலு இரவு நின்றால் முள்ளங்கி செத்துச் சுருண்டுவிடும். வசந்தத்தில் பார்த்தால் நிலத்தில் வெறும் ஓட்டைகள்தான், உழாமலே விதைக்கலாம். படத்தில் பார்க்க ஆசையாகத்தான் இருக்கும்.

நானும் முதல் வருடம் அதை நம்பி விட்டுவிட்டேன். தேன்கனிக்கோட்டை மார்கழிக் குளிரில் நாம் போர்வைக்குள் சுருள்வோம், முள்ளங்கி சொகுசாக நிற்கும். எழுபதாம் நாள் நடுவிலிருந்து தண்டு கிளம்பியது, வெள்ளையும் ஊதாவுமாகப் பூ. தேனீ மொய்த்ததைப் பார்த்து நானும் மயங்கி, இன்னும் பத்து நாள் இருக்கட்டும் என்றேன். பூ காயானது. முள்ளங்கிக் காய் கடுகு மாதிரி வெடித்துச் சிதறாது, அதனால் பயமில்லை என்று நினைத்துக்கொண்டு, முற்றிய தண்டை அப்புறப்படுத்த ரோட்டவேட்டர் விட்டேன். இரண்டு தப்பு ஒரே நாளில். காயெல்லாம் நொறுங்கி விதை மண்ணுக்குள் போய், அடுத்த தக்காளி முழுக்க முள்ளங்கிதான் களை. அதோடு, வேர் போட்டுவைத்த ஓட்டைகளின் வாயை ரோட்டவேட்டரே மூடிவிட்டது. அதாவது பாடுபட்டு விதைத்தது எதற்கோ அதையே கெடுத்தேன்.

இப்போது செய்வது இப்படி. ஐம்பதிலிருந்து அறுபது நாளுக்குள், நடுக்குருத்தில் மொட்டுத் தெரிகிறதா என்று தினமும் ஒரு சுற்று பார்ப்பேன். தெரிந்த வாரமே வெட்டு. மண்வெட்டியைப் படுக்கையாகப் பிடித்து, இலை மட்டும் போகாமல் கிழங்கின் கழுத்தும் அரை அங்குலம் சேர்ந்து போகிற மாதிரி சீவ வேண்டும். கழுத்துக்கு மேலே இலையை மட்டும் அரிந்தால் ஒரே வாரத்தில் திரும்பத் தழைக்கும், அதற்குப் பெயர் கீரை அறுவடை. கழுத்துப் போனால் கிழங்கு திரும்ப எழாது. வெட்டிய இலையை அதன் மேலேயே பரப்பிவிட்டு ஒரு தண்ணீர் விடுவேன். ஈரமும் வெதுவெதுப்பும் இருந்தால் இருபது இருபத்தைந்து நாளில் கிழங்கு கூழாகிவிடும். தண்ணீர் விடாமல் விட்டால் அழுகுவதற்குப் பதில் காய்ந்து, தோல் செருப்பு மாதிரி ஆகி மாதக்கணக்கில் கிடக்கும்.

அதற்குப் பிறகு உழவு இல்லை. நாற்று நடுகிற இடத்தில் மட்டும் கொத்திவிட்டு நடுகிறேன். உழுதே ஆக வேண்டும் என்பவர்கள் மேலாக ஓட்டுங்கள், அடியில் இருக்கிற குழாய்களாவது மிஞ்சும்.

ஊட்டியில் உறைபனி விழுமே, அங்கே தானாகச் சாகுமா என்று ஒருவர் கேட்டார். இலை கருகலாம். கிழங்கு சாகிற அளவுக்கு அந்தக் குளிர் நீடித்து நிற்காது, அங்கேயும் மண்வெட்டிதான்.

அழுகும்போது நாறுமாமே?

நாறும். மறைத்துப் பயனில்லை. முள்ளங்கியில் கந்தகச் சத்து அதிகம், அழுகினால் அழுகிய முட்டை வாடைதான் வரும். அமெரிக்காவில் எரிவாயு கசிகிறது என்று நினைத்துப் புகார் சொன்னவர்களே உண்டு. எங்கள் பக்கத்துப் பெரியவர் எலி செத்துக் கிடக்கிறதா என்று வரப்பெல்லாம் தேடினார். ஒரு வாரம் பத்து நாளில் அடங்கிவிடும். வீட்டை ஒட்டிய நிலம் என்றால் கிழங்கில் முக்கால்வாசியைச் சமையலுக்குப் பிடுங்கிவிடுங்கள். வீட்டில் கல்யாணம், காதுகுத்து இருந்தால் தேதியைப் பார்த்து வெட்டுங்கள்.

பிடுங்கிச் சாப்பிட்டுவிட்டால் மண்ணுக்கு என்ன மிச்சம்?

இதற்கு நான் கண்ட வழி ஒன்று விட்டு ஒன்று. 45-ஆம் நாளிலிருந்து வரிசையில் ஒன்றைப் பிடுங்கி, பக்கத்தில் இருப்பதை விட்டுவிடுவேன். பிடுங்கிய இடத்தில் ஓட்டை, விட்டது இன்னும் பருக்கும். பிடுங்கும்போது வால் அறுந்து உள்ளேயே நிற்கும், நமக்கு அதுதானே வேண்டும். ஆனால் பிடுங்கியதோடு சத்தும் வீட்டுக்கோ சந்தைக்கோ போய்விடுகிறது, அதனால் அந்த அளவுக்கு எரு திரும்ப வர வேண்டும் என்பதை மறக்கக் கூடாது.

சந்தையை நம்பி மொத்தமாகப் போடுவது வேறு கணக்கு. முள்ளங்கி எல்லோருக்கும் ஒரே வாரத்தில் வரும், அந்த வாரம் மூட்டைக்குக் கிடைப்பது பிடுங்கிக் கழுவிய கூலிக்கே கட்டாது. மண்ணுக்கென்று போட்டவனுக்கு அந்த வருத்தம் இல்லை, விலை வந்தால் பிடுங்கலாம், வராவிட்டால் வெட்டிப் போடலாம்.

பூச்சி வருமா?

இலையில் குண்டூசியால் குத்திய மாதிரி ஓட்டை இருந்தால் தத்துவண்டு. கருநிறப் புழு இலையை நரம்பு மட்டும் விட்டுத் தின்றால் கடுகு ரம்ப ஈயின் புழு, காலையில் கையால் உதறி எடுக்கலாம். குளிரில் அசுவினி. மூடுபயிருக்கு நான் மருந்தே அடிப்பதில்லை, சாம்பலோடு சரி. ஓட்டை விழுந்த இலையும் மக்கத்தான் போகிறது.

அடுத்து என்ன பயிர் வைக்கலாம்?

தக்காளி, மிளகாய், கத்தரி, மக்காச்சோளம், நிலக்கடலை, எதுவும். முட்டைக்கோஸ், காலிஃப்ளவர், நூல்கோல், டர்னிப் வேண்டாம், எல்லாம் ஒரே குடும்பம், ஒரே பூச்சி, ஒரே நோய். நீலகிரியில் கோஸ் போடுகிற நிலத்தில் வேர் முண்டு முண்டாக வீங்கிச் செடி வாடுகிற நோய் இருக்கிறது, அதன் கிருமி மண்ணில் வருடக்கணக்கில் படுத்திருக்கும். அப்படிப்பட்ட நிலத்தில் நடுவில் முள்ளங்கி போடுவது கிருமிக்குச் சாப்பாடு போடுவது.

நூற்புழுவை முள்ளங்கி விரட்டும் என்கிறார்களே?

பாதிக் கதை. ஐரோப்பாவில் சர்க்கரை எடுப்பதற்காக வளர்க்கிற பீட்ரூட் வயலில் வரும் ஒருவகை நூற்புழுவைப் பொறியில் சிக்கவைப்பதற்கென்றே வளர்த்தெடுத்த எண்ணெய் முள்ளங்கி ரகங்கள் உண்டு. அந்தப் பெயரில் நம் கறி முள்ளங்கியும் சேர்ந்து புகழ் வாங்குகிறது. இங்கே தக்காளி, கத்தரி வேரில் முடிச்சுப் போடுகிற நூற்புழு முள்ளங்கி வேரிலும் பெருகக்கூடியது. முடிச்சு அதிகம் இருக்கிற நிலமென்றால் செண்டுமல்லியோ சணப்போ போடுங்கள்.

கிழங்கு இரண்டு காலாகப் பிரிகிறது, சிலது உள்ளே பஞ்சாக இருக்கிறது. ஏன்?

கால் பிரிவதற்குக் கல், மக்காத எரு, நாற்று பிடுங்கி நட்டது, இவற்றில் ஒன்று காரணம். முள்ளங்கியை நாற்று விட்டு நடவே கூடாது. பஞ்சு விழுந்தால் நாள் கடந்துவிட்டது, அல்லது தண்ணீர் ஒருநாள் வெள்ளமாகவும் பத்து நாள் வறட்சியாகவும் கிடைத்திருக்கிறது. நடுவில் பழுப்பாக இருந்தால் போரான் குறைவாக இருக்கலாம். பிரிந்த கால் சந்தையில்தான் குறை, சாம்பாரில் யாருக்குத் தெரியப்போகிறது.

மாட்டுக்குப் போடலாமா?

போடலாம், விரும்பித் தின்னும். வைக்கோலோ சோளத்தட்டையோடு கலந்து போடுங்கள், இதையே முழு வயிறும் தின்றால் கழிச்சல், வயிறு உப்புசம் வரும். கறவை மாட்டுக்குப் பால் கறந்த பிறகு போடுங்கள், இல்லாவிட்டால் அந்த வாடை பாலில் வரும், காபியில் கண்டுபிடித்துவிடுவார்கள். கிழங்கைத் துண்டாக்கிப் போடுவது நல்லது, முழுசாக விழுங்கப்போய்த் தொண்டையில் நின்றுவிடும்.

சமைக்கும்போது வரும் வாடையை எப்படிக் குறைப்பது? சிலது மட்டும் ஏன் அவ்வளவு காரம்?

கடுகில் இருக்கிற அதே காரம்தான். கிழங்குக்குள் ஒரு கந்தகப் பொருளும் ஒரு நொதியும் தனித்தனி அறையில் இருக்கின்றன, நறுக்கும்போது, துருவும்போது இரண்டும் சேர்ந்து காரம் பிறக்கும். தோலிலும் நுனியிலும் அதிகம், இலைப்பக்கம் இனிப்பு. ஜப்பானியர்கள் ஒரே கிழங்கில் மேல்பாதியைப் பச்சையாகவும் நுனியைச் சமைத்தும் சாப்பிடுவதற்குக் காரணம் அதுதான். நாமும் தயிர்ப் பச்சடிக்கு மேல்பாதி, சாம்பாருக்கு நுனி என்று பிரித்துவிடலாம்.

வாடைக்கு என் அம்மா செய்வது: வில்லைகளை எண்ணெயில் ஓரம் கண்ணாடி போல ஆகும்வரை வதக்கி, அப்புறம் புளித்தண்ணீரில் போட்டு, பாத்திரத்தை மூடாமல் வேகவைப்பது. பருப்போடு குக்கரில் போட்டு விசில் விட்டால் அந்த வாடை மொத்தமும் பருப்புக்குள் அடைந்துவிடும்.

கீரையை எறிபவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். இளம் இலையைப் பொடியாக அரிந்து, பாசிப்பருப்பு அரைவேக்காடாக வேகவைத்துச் சேர்த்து, காய்ந்த மிளகாய், பூண்டு தாளித்து, தேங்காய் தூவி இறக்கினால் முருங்கைக்கீரைக்கு நெருங்கி நிற்கும். முற்றிய இலையில் சுணை இருக்கும், அது மண்ணுக்கு. பூக்கவிட்ட செடி இருந்தால் பிஞ்சுக் காயை அவரை மாதிரி பொரியல் செய்யலாம், வட இந்தியாவில் காய்க்காகவே ஒரு வகை வளர்க்கிறார்கள்.

ஒரே நேரத்தில் நிறைய வந்துவிட்டால்?

இலையை அறுத்துவிட்டு வையுங்கள், இலையோடு வைத்தால் அது கிழங்கின் ஈரத்தை உறிஞ்சி இரண்டே நாளில் துவண்டுவிடும். ஜப்பானில் நீள நீளமாகச் சீவி வெயிலில் காயவைத்து வருடம் முழுக்க வைத்துக்கொள்கிறார்கள், நம் சுண்டைக்காய் வற்றல் மாதிரிதான். நான் உப்பும் மோரும் தடவிக் காயவைத்துப் பார்த்தேன், குழம்புக்கு நன்றாகவே இருந்தது. பொரித்தால் கருகுகிறது. காயவைத்த முழு முள்ளங்கியை உப்பு, தவிட்டில் புதைத்து டக்குவான் என்று மஞ்சள் ஊறுகாயும் போடுகிறார்கள். சிங்கப்பூர், மலேசியாவில் இருப்பவர்களுக்குக் 'கேரட் கேக்' தெரிந்திருக்கும், அதில் கேரட் துளிகூடக் கிடையாது, துருவிய முள்ளங்கியும் அரிசிமாவும் சேர்த்து அவித்து, துண்டுபோட்டு முட்டையோடு வறுப்பது.

தைராய்டு இருப்பவர்கள் சாப்பிடலாமா?

சமைத்து, வாரம் ஓரிரு நாள் என்றால் பொதுவாகப் பிரச்சினை சொல்வதில்லை. பச்சையாக, தினமும், நிறைய என்றால் உங்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். நான் விவசாயி.

மாடித்தோட்டத்தில்?

ஒன்றரை அடி ஆழப் பையில் கறிக்கு வளர்க்கலாம். மூடுபயிர் என்று சொல்ல அங்கே துளைக்க அடிமண் இல்லை. பழைய பை மண் இறுகிவிட்டால் ஒரு போகம் முள்ளங்கி போட்டுப் பாருங்கள், கொட்டிக் கலக்கும்போது மண் பொலபொலவென்று வரும்.

விதை நாமே எடுக்கலாமா?

எடுக்கலாம், வீரிய ரகம் இல்லையென்றால். நல்ல வடிவான கிழங்காகப் பத்திருபது பொறுக்கி, நுனியில் மூன்றில் ஒரு பங்கையும் இலையில் பெரும்பகுதியையும் வெட்டிவிட்டு, குருத்தைக் காயப்படுத்தாமல் திரும்ப நடுங்கள், வேர்விட்டுத் தண்டு கிளம்பிப் பூக்கும். இப்படிப் பிடுங்கிப் பார்த்து நடுவதால், கால் பிரிந்ததையும் சீக்கிரம் பூத்ததையும் கழித்துவிட முடிகிறது. தேனீ ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்தும் மகரந்தம் கொண்டுவரும், பக்கத்தில் யாராவது சிவப்பு முள்ளங்கி பூக்கவிட்டிருந்தால் உங்கள் விதையில் கலந்துவிடும். காய் பழுத்துக் காய்ந்ததும் தண்டோடு அறுத்து, தார்ப்பாயில் போட்டுத் தடியால் அடிக்க வேண்டும், ஓடு தக்கை மாதிரி கெட்டி, கையால் உரித்து முடியாது. அடிப்பதை நிலத்தில் வைத்துச் செய்யாதீர்கள், வீட்டுக் களத்தில் செய்யுங்கள். நான் அந்த முதல் வருடம் ரோட்டவேட்டரில் விதைத்தது இந்தப் புரட்டாசியில்கூட வரப்போரம் நாலு முளைத்திருந்தது.